ஆண்மை, பெண்மை ஆகிய சொற்களுக்கு உண்மையில் என்ன பொருள்?

என் அக்கா மகள் கல்லூரியில் மேலாண்மை படிக்கிறாள். போன தீபாவளிக்கு வந்தபோது, "மேலாண்மைக்குள்ள ஆண்மை இருக்கே மாமா, அப்ப எங்களுக்கு இடமில்லையா?" என்றாள். அன்றைக்கு எதையோ சொல்லிச் சமாளித்தேன். சரி, இங்கே ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

ஆண்மை என்ற சொல் இரண்டு வழியில் வரும். ஒன்று ஆண் + மை. இன்னொன்று ஆள் + மை. கேள் + மை கேண்மை ஆகிறதே, அதே கதைதான். ஆள்வது, அதாவது ஒன்றைத் தன் பொறுப்பில் எடுத்து நடத்துவது. மேலாண்மையில் இருப்பது இந்த 'ஆள்'. குறளில் வரும் தாளாண்மை விடாமுயற்சி, வேளாண்மை பிறருக்கு உதவுவது. இரண்டுக்கும் மீசை தேவையில்லை.

'பிறன்மனை நோக்காத பேராண்மை' (148) இன்னும் சுவையானது. வெளிப்பகையை அடக்குகிறவர்களுக்கும் காமம் என்ற உட்பகையை அடக்குவது கடினம், அதனால்தான் 'பேராண்மை' என்கிறார் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையச் சுவரிலோ 'ஆண்மைக் குறைவா?' என்று லேகியம் விற்கிறார்கள். (773ஆம் குறளில் வள்ளுவரே பேராண்மையைப் போர்க்கள வீரம் என்கிறார், அதையும் மறைக்கக் கூடாது.)

பெண்மை என்றதும் பட்டிமன்றத்தில் அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று அடுக்குவார்கள். தொல்காப்பியத்தில் காதலைப் பேசும் களவியலில் அச்சம், நாண், மடன் மூன்றுதான். பயிர்ப்பு, அதாவது பழக்கமில்லாததிடம் கூசுவது, பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. மடம் என்றால் முட்டாள்தனம் என்றே பலர் நினைக்கிறார்கள். உரைகாரர்கள் தரும் விளக்கம் 'கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை'. கற்றுக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது. அறுபது வயதுக்கு மேல் ஜிபே கற்றுக்கொண்ட என் அம்மா இப்போது கீரைக்கட்டுக்குக்கூடச் சில்லறை எடுப்பதில்லை. மடம் என்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

அந்த அச்சமும் நாணும்கூடக் காதல் தொடங்கும் சூழலில் சொன்னவை. அதை வாழ்நாள் முழுவதுக்கும் விதியாக நீட்டியது நாம்தான். அதே தொல்காப்பியத்தின் பொருளியலில் 'செறிவும் நிறைவும் செம்மையும் செப்பும் அறிவும் அருமையும் பெண்பா லான' என்று ஒரு நூற்பா இருக்கிறது. அறிவும் நேர்மையும்கூடப் பெண்ணுக்கு உரியவை என்கிறது அது. நான் போன எந்தப் பட்டிமன்றத்திலும் இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இதை அக்கா மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "செப்புன்னா என்ன மாமா?" என்று கேட்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்வது என்று பதில் போட்டேன்.