கேளுங்கள், சொல்கிறேன்: மகன் சினிமா படிக்கலாமா?

கேள்வி: பிளஸ் டூ முடித்த மகன், சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் சினிமாவும் நடிப்பும் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். பாத்திரக்கடை நடத்தும் அவன் அப்பாவுக்கு இஷ்டமில்லை. சேர்க்கலாமா?
- ஒரு தாய், கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, ஏ.வி.மெய்யப்ப செட்டியார் 1940களில் ஸ்டூடியோ நடத்தியதே நம் காரைக்குடியில்தான். ஆகவே 'நமக்கெதற்கு சினிமா' என்ற பேச்சை விடுங்கள்.

நானும் இப்படி ஒரு கல்லூரியில் படித்தவன்தான். விளம்பரத்தாளில் பெரிய இயக்குநர் படம். மூன்று வருஷத்தில் அவர் வந்தது ஒரே நாள், பொன்னாடை வாங்க. நாற்பது பேருக்கு இரண்டு கேமரா. என் முறை வரும்போது பேட்டரி தீர்ந்திருக்கும். அதனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். போன வருஷ மாணவர்கள் எடுத்த குறும்படங்களைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். படமெடுக்கும் செலவு கட்டணத்தில் அடக்கமா என்றும் கேளுங்கள். என் அப்பச்சி அதற்கென்றே கைமாற்று வாங்கினார். பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தினுடையது என்பதும் முக்கியம். நடிப்பு வகுப்பு மேஜை நாற்காலி போட்ட அறையில் நடந்தால் யோசியுங்கள். உடம்பை அசைக்க வெறுந்தரை வேண்டும். சென்னை தரமணியில் இருக்கும் அரசுத் திரைப்படக் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் போடட்டும்.

அப்புறம், உங்கள் ஊரில்தான் அடிக்கடி ஷூட்டிங் நடக்கிறதே? அடுத்த முறை அவனை நாள் முழுக்க ஓரமாக நிற்கச் சொல்லுங்கள். ஒரு ஷாட்டுக்கு விளக்கு மாற்றுவதையே பார்த்துக்கொண்டு, சாப்பிடக்கூட வீட்டுக்கு வரவில்லையென்றால், உங்கள் வீட்டுச் செட்டியாரிடம் நானே பேசுகிறேன்.