கையில் மூன்று லட்சம், பாளையங்கோட்டையில் ஒரு சின்னக் கடை: எங்கே போடலாம்?

கேள்வி: பாளையங்கோட்டைப் பக்கம் வீடுகள் இருக்கும் பகுதியில் சின்னதாக ஒரு கடை போட ஆசை. கையில் மூன்று லட்சம் இருக்கிறது. ஆள் நடமாட்டம் உள்ள ரோட்டில் அதிக வாடகைக்குப் பிடிப்பதா, உள்தெரு போதுமா? என்னென்ன லைசன்ஸ் வேண்டும்?

நான் கடை வைத்திருக்கிறேன் என்றதும் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி “அல்வாவா?” என்பதுதான். இல்லை, இட்லி மாவு. 2019-இல் தொடங்கினேன். முதல் இடத்தில் ஒன்பது மாதம் நட்டம். இடம் மாற்றிய பிறகுதான் மூச்சு விட்டேன். அதனால் இடத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்வேன், லைசன்ஸ் கதை கடைசியில்.

முதல் கடை மகாராஜநகர் உழவர் சந்தைக்குப் போகிற வழியில். இடம் பார்க்கப் போனது காலை ஏழு மணிக்கு. அப்படி ஒரு கூட்டம். இதில் பத்தில் ஒருவர் வாங்கினால் போதும் என்று மனக்கணக்குப் போட்டு, அன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அந்தக் கூட்டம் ஒன்பதரைக்கெல்லாம் கலைந்துவிடும் என்பதும், சாயங்காலம் அந்தப் பக்கம் ஈ காக்கை இருக்காது என்பதும் கடை திறந்த பிறகுதான் உறைத்தது.

சரி, காலையிலாவது வாங்குவார்களா? ஒரு அண்ணாச்சி தினமும் கடையைத் தாண்டிப் போவார். ஒரு கையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் பை, இன்னொரு கையில் கீரைக்கட்டு. ஒருநாள் நானே கூப்பிட்டுக் கேட்டேன். “ஏம்மா, வெள்ளனயே மாவை வாங்கிட்டுப் போயி ராத்திரி வரைக்கும் என்ன செய்ய? பிரிட்ஜுல இந்தக் காயை வைக்கவே எடம் இல்ல” என்றார். அவரிடம் என் மாவை வாங்க மூன்றாவது கையும் இல்லை. காலை இட்லிக்கான மாவை ஜனங்கள் முந்தின நாள் சாயங்காலம், வேலை விட்டு வரும்போதுதான் வாங்குகிறார்கள். வருஷக்கணக்காக நானும் அப்படித்தான் வாங்கியிருக்கிறேன், ஆனால் கடைக்காரியாக யோசித்தபோது அது தோன்றவே இல்லை.

இரண்டாவது இடம் தேடும்போது அவசரப்படவில்லை. பெருமாள்புரம் பக்கம் ஒரு பஸ் ஸ்டாப்புக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் மூன்று நாள், அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்தரையிலிருந்து எட்டரை வரை உட்கார்ந்து பழைய டைரியில் கோடு போட்டேன். எத்தனை பேர் போகிறார்கள் என்பதோடு, எந்தப் பக்கமாகப் போகிறார்கள், எங்கே வண்டியை மெதுவாக்குகிறார்கள் என்றும் குறித்துக்கொண்டேன். வேலை முடிந்து வருகிறவர், வீட்டுக்குப் போகும் திசையில் இடது பக்கம் இருக்கிற கடையில்தான் நிற்கிறார். வண்டியை அணைக்காமல், இடது காலை ஊன்றியபடியே “அக்கா, ஒரு கிலோ” என்கிறார். எதிர்ப்பக்கம் இருபதடியில் கடை இருந்தாலும் ரோட்டைக் கடந்து வருவதில்லை. நான் பிடித்தது உள்தெருவின் முதல் கடை, இடது பக்கம். வாடகை முதல் கடையைவிட 1,500 ரூபாய் குறைவு, விற்பனையோ இரண்டாவது மாதத்திலேயே பழையதைத் தாண்டியது. ஆக, நீங்கள் என்ன விற்கப் போகிறீர்கள் என்று தெரியாமல் மெயின் ரோடா உள்தெருவா என்ற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. அதை முடிவு செய்துவிட்டு, அது தேவைப்படுகிற நேரத்தில் போய் உட்காருங்கள்.

நடுவில், திருநெல்வேலி ஜங்ஷனை ஒட்டி, ஆற்றங்கரைச் சிந்துபூந்துறையில் ஓர் இடம் மலிவாக வந்தது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருந்த பெரியவர், “92 வெள்ளத்துல தண்ணி இதுவரைக்கும் நின்னுச்சு தாயி” என்று கையைத் தன் நெஞ்சுக்கு மேலே வைத்துக் காட்டினார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி ஏறி வந்தபோது அந்தப் பெரியவரைத்தான் நினைத்துக்கொண்டேன். ஆற்றங்கரைப் பக்கம் இடம் பார்த்தால் அக்கம்பக்கத்தில் இரண்டு வருஷத்தையும் சொல்லிக் கேளுங்கள். எங்கே கடை போட்டாலும், வெள்ளச் சேதத்தையும் சேர்த்துக் கடைக்கு இன்சூரன்ஸ் எடுங்கள்.

கரண்ட் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். முதல் கடை ஒரு வீட்டின் முன்னறை. “வீட்டு கனெக்ஷன்லயே ஓட்டுங்க, யாரு பாக்கப் போறா” என்றார் ஓனர். பார்த்தார்கள். வீட்டு இணைப்பில் வியாபாரம் செய்தால் அந்தக் காலத்துக்கு இரண்டு மடங்கு கட்டணம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைக் கட்டியது நான், ஓனர் இல்லை. வணிக இணைப்புக்கு மாற்றினால் வீட்டு வரியும் கூடும் என்பதால் ஓனர்கள் பெரும்பாலும் தயங்குவார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதைப் பேசி, ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதி வாங்குங்கள். கிரைண்டர் மாதிரி சத்தம் போடுகிற மெஷின் என்றால் மாடியில் குடியிருப்பவரிடமும் ஒரு வார்த்தை. நான் கேட்காமல் விட்டு, மாடி மதினியிடம் தினம் ஒரு பாட்டு வாங்கினேன். மத்தியானம் அவர்கள் தூங்கும் நேரத்தில் அரைக்க மாட்டேன் என்று சொல்லித்தான் சமாதானம் ஆனது.

பணம். நானும் உங்களைப் போலத்தான், 2,80,000 வைத்துக்கொண்டு இறங்கினேன். பத்து மாத அட்வான்ஸ், பழைய டில்டிங் கிரைண்டர், ஃப்ரீசர் எல்லாம் தவிர்க்க முடியாதவை. கண்ணாடிக் கதவுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் 45,000 போட்டதை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. மாவு வாங்க வருகிறவர் சீலிங்கை அண்ணாந்தா பார்ப்பார்? கடை திறந்த அன்று கையில் 22,000 மிச்சம். மூன்றாவது மாத வாடகைக்குக் கம்மல் அடகுக்குப் போனது. இரண்டாவது முறை ஆறு மாத வாடகையைத் தனியாக பேங்கில் போட்டுவிட்டு, மிச்சத்தில்தான் கடை. ஃப்ரீசர் மாதிரி பொருளுக்கு, சிறு தொழிலுக்கு பேங்கில் கொடுக்கிற மத்திய அரசின் முத்ரா கடனில் சிசு பிரிவு இருக்கிறது, 50,000 வரை, பிணை கிடையாது.

சரக்கு பற்றிச் சுருக்கமாக. உங்கள் கடை வேறாக இருக்கலாம், ஆனாலும் எதிலும் ஒரு பருவம் உண்டு. நான் போடுவது அம்பை 16 அரிசி, அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்து ரகம், குண்டு அரிசி, இட்லிக்கு நல்லது. சித்திரை வெயிலில் மாவு மூன்று மணி நேரத்தில் பொங்கி வழியும், ஆனி ஆடியில் சாரல் காற்று வந்துவிட்டால் விடிந்தாலும் அசையாது. ஒரே அளவில் எல்லா மாதமும் அரைத்து நிறைய கொட்டியிருக்கிறேன். மே மாதம் பள்ளிக்கூடம் லீவு விட்டால் பாதி வீடு பூட்டிக் கிடக்கும், கார்த்திகையில் மாலை போடுகிற வீடுகளால் அது சரியாகிவிடும். ஒரு வருஷம் முழுசாகப் பார்க்காமல் லாப நட்டம் பேசாதீர்கள்.

லைசன்ஸ்: மாநகராட்சித் தொழில் உரிமம். சாப்பிடுகிற பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு, நான் எடுத்தபோது சின்னக் கடைக்கு வருஷம் 100 ரூபாய்தான். எலக்ட்ரானிக் தராசு சரியாக நிறுக்கிறதா என்று அரசு சோதித்துப் போடும் முத்திரை, வருஷா வருஷம். ஜிஎஸ்டி, பொருள் மட்டும் விற்பவருக்கு வருஷ விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான். உத்யம் என்கிற, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு இலவசம், அதற்கு 2,000 கேட்கிற புரோக்கரிடம் போகாதீர்கள். போர்டில் தமிழ்தான் பெரிதாக இருக்க வேண்டும், தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்று விதி. என் போர்டில் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் இந்த அளவைத் தலைகீழாக, ஆங்கிலத்தைப் பெரிதாக அடித்துக் கொடுத்து, மறுபடி காசு கொடுத்து மாற்றினேன்.

கடன் நோட்டு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தெருக்கடைக்கு அது இல்லாமல் நடக்காது. பத்து வீட்டுக்கு மேல் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன், ஐந்தாம் தேதிக்குள் முடிக்காத வீட்டுக்கு அடுத்த பக்கம் கிடையாது.

உழவர் சந்தை வழியில் நான் விட்டுவந்த அந்த அறையில் இப்போது ஒருவர் டீயும் சுக்குக் காபியும் போடுகிறார். காலை ஐந்துக்குத் திறந்து ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். போன வாரம் அங்கே நின்று ஒரு சுக்குக் காபி குடித்தேன். கூட்டத்தில் டம்ளர் கைக்கு வரப் பத்து நிமிஷம் ஆனது.