ஒரே ஒரு நாள்தான் இருக்கு, என்ன பார்க்கலாம்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஊர் சுற்றுவது பற்றித்தான். மதுரைக்கு ஒரு நாள் வருகிறவர்கள் ஒரு பக்கம், மதுரையிலிருந்து கிளம்பி வேறு ஊரில் ஒரு நாள் தங்குகிறவர்கள் இன்னொரு பக்கம். அதனால் மற்ற கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பாண்டியன் எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்கி, அன்று இரவே அதே பாண்டியனில் திரும்புகிறோம். நானும் மனைவியும் மட்டும். கோயில், மகால், தெப்பக்குளம், காந்தி மியூசியம், அழகர்கோயில், திருப்பரங்குன்றம் எல்லாம் பார்த்துவிட முடியுமா? (தாம்பரம் வாசகர்)

பார்த்துவிடலாம், ஆட்டோவின் உள்பக்கத்தை.

சரி, விளையாட்டு போதும். மதுரையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதை நீங்கள் முடிவு செய்வதில்லை, மீனாட்சி கோயில் நடை சாத்துகிற நேரம்தான் முடிவு செய்கிறது. மதியம் 12.30 வாக்கில் சாத்தினால் மறுபடி மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் காலையில் அழகர்கோயிலுக்குப் போய்விட்டு, வெயிலோடு வெயிலாக 1 மணிக்கு மேலக்கோபுர வாசலில் வந்து நிற்கிற குடும்பங்களைத் தினமும் பார்க்கலாம். உங்களுக்கு இறங்கும்போதே மணி ஐந்தரை இருக்கும், அதுதான் உங்களுடைய பெரிய அதிர்ஷ்டம். மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியிலோ டவுன்ஹால் ரோட்டிலோ ஒரு லாட்ஜில் அறை எடுத்துக் குளித்துவிட்டு, டவுன்ஹால் ரோட்டைப் பிடித்து நேராக நடந்தால் கோயில் பக்கம் வந்துவிடும். ஆட்டோவே வேண்டாம்.

செல்போனை அறையிலேயே வைத்துவிடுங்கள். 2018-இல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு உள்ளே போன் கொண்டுபோகத் தடை. வாசலில் கொடுத்து டோக்கன் வாங்கலாம்தான், ஆனால் திரும்ப வாங்குவதற்கு நிற்கிற வரிசையில் அரை மணி நேரம் போய்விடும், அதுவும் நீங்கள் ஒரு வாசலில் கொடுத்துவிட்டு இன்னொரு வாசலில் வெளியே வந்தால் செருப்பில்லாமல் சித்திரை வீதியைச் சுற்ற வேண்டியதுதான். கிழக்கே அம்மன் சந்நிதி வாசல் வழியாக உள்ளே போங்கள், அந்த வாசலுக்குக் கோபுரம் கிடையாது, நேராக அஷ்டசக்தி மண்டபம். அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் சுவாமி, அது மதுரை வழக்கம். பொற்றாமரைக் குளத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். சுவாமி சந்நிதிப் பக்கம் போகும்போது வெள்ளியம்பலத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். மற்ற ஊர்களில் நடராஜர் இடது காலைத் தூக்கி ஆடுவார், இங்கே வலது காலைத் தூக்கியிருப்பார். கால் மாறி ஆடிய கதையைக் கேட்டவர்கள்கூட சந்நிதி முன்னால் நின்று அதைக் கவனிக்காமல் நகர்ந்துவிடுகிறார்கள். ஆயிரங்கால் மண்டபத்துக்குத் தனி டிக்கெட், போய்ப் பாருங்கள்.

10 மணிக்கு வெளியே வந்தால் மகாலுக்குப் போகலாம். திருமலை நாயக்கர் 1636-இல் கட்டியது, இன்று நிற்பது அதில் கால்வாசிதான் என்பார்கள், பேரன் சொக்கநாதர் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோய்விட்டார். அந்தக் கால்வாசியின் தூண்களையே அண்ணாந்து பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. மதியம் சாப்பிட்டுவிட்டு அறையில் தூங்குங்கள். சுற்றுலா வந்த இடத்தில் தூக்கமா என்று கேட்காதீர்கள், இரண்டு மணி வெயிலில் மதுரைக்காரன் யாரும் வெளியே வரமாட்டான். நாலரைக்கு எழுந்து தெப்பக்குளம். கோயிலில் நீங்கள் காலையில் பார்த்த முக்குறுணி விநாயகர் இந்தக் குளத்துக்கு மண் தோண்டும்போதுதான் கிடைத்தார். இருட்டினதும் விளக்குத்தூண் பக்கம் வந்து ஜிகர்தண்டா, புதுமண்டபத்தை ஒட்டிய தெருக்களில் அம்மாவுக்கு ஒரு சுங்குடிச் சேலை, அவ்வளவுதான். அழகர்கோயிலும் திருப்பரங்குன்றமும் வேறு வேறு திசை, இந்தத் தடவை விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு இழப்பு. இரவு பள்ளியறை பூஜைக்குச் சுவாமியின் பாதத்தைப் பல்லக்கில் வைத்து அம்மன் சந்நிதிக்குக் கொண்டுபோவார்கள், மேளமும் பாட்டும் சாம்பிராணிப் புகையுமாக. அது ஒன்பது, ஒன்பதரை ஆகும், பாண்டியனும் கிட்டத்தட்ட அதே நேரத்துக்குத்தான் கிளம்புகிறது. இரண்டில் ஒன்றுதான். என்னைக் கேட்டால் திரும்புகிற டிக்கெட்டை மட்டும் மாற்றி, மாட்டுத்தாவணியிலிருந்து பத்தரை பதினோரு மணிக்கு மேல் கிளம்புகிற பஸ்ஸில் போங்கள். முதுகு வலிக்கும், பரவாயில்லை.

கேள்வி: மதுரையில் அறை எடுத்து, ஒரே நாளில் ராமேஸ்வரமும் கொடைக்கானலும் போய் வர முடியுமா? வாடகை வேன்காரர் முடியும் என்கிறார். (ஓசூர் வாசகர்)

அவர் முடியும் என்றுதான் சொல்வார், கிலோமீட்டருக்குக் காசு. ராமேஸ்வரம் ஒரு பக்கம் 170 கிலோமீட்டர், கொடைக்கானல் எதிர்ப்பக்கம் 120, அதில் பாதி மலைப்பாதை. வேண்டாம்.

கேள்வி: எழுபத்தைந்து வயது அம்மா, முட்டி வலி. ஏழு வயதுப் பையன், ஒரு இடத்தில் நிற்கமாட்டான். இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு ஒரு நாள் எப்படி? (கும்பகோணம் வாசகி)

அம்மாவுக்குக் கோயில் போதும், பையனுக்குக் கோயில் போதாது. அதை ஒத்துக்கொண்டு திட்டம் போட்டால் சண்டை வராது.

விடிகாலையில் கூட்டம் ஏறுவதற்குள் அம்மாவைக் கூட்டிப் போங்கள், சக்கர நாற்காலி கேட்டால் கிடைக்கும், கேட்கக் கூச்சப்படாதீர்கள். சித்திரை வீதிகளில் வண்டி விடமாட்டார்கள், ஆட்டோ ஆவணி மூல வீதிப் பக்கமே நிறுத்திவிடும் என்பதை அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கல்தளம் வெயில் ஏற ஏறச் சுடும், பத்து மணிக்கு மேல் வயதானவர்கள் வெறுங்காலோடு படுகிற பாடு பார்க்க முடியாது.

அப்புறம் வெயில் நேரத்துக்கு, யாரும் சுற்றுலாப் பட்டியலில் போடாத இடம் ஒன்று சொல்கிறேன்: நத்தம் ரோட்டில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலையில் திறந்தது. உள்ளே ஏசி, லிஃப்ட், சுத்தமான கழிப்பறை, குழந்தைகளுக்குத் தனிப் பகுதி. பையன் அங்கே கிடந்து விளையாடட்டும், அம்மா நாற்காலியில் சாய்ந்து வாரப் பத்திரிகை புரட்டட்டும். வெளியூர்க்காரர்களிடம் நூலகத்துக்குப் போங்கள் என்றால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள், போய் வந்த பிறகு யாரும் குறை சொன்னதில்லை. சாயங்காலம் தமுக்கம் பக்கம் காந்தி மியூசியம், பக்கத்திலேயே ராஜாஜி பூங்கா, பையன் ஓடட்டும். மியூசியம் இருப்பது ராணி மங்கம்மாள் அரண்மனையில். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த வேட்டி அங்கே இருக்கிறது, பையன் கேள்வி கேட்பான், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் நாலு பேர், காலேஜ் பசங்க. கோயில் எல்லாம் அப்புறம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிட மட்டும் வருகிறோம். (கோவை வாசகர்)

நேர்மையான கேள்வி. உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான், காலையில் அடக்கி வாசியுங்கள். மதுரைச் சாப்பாடு ராத்திரிச் சாப்பாடு. காலையில் இட்லி, நாலு சட்னி, அத்தோடு எழுந்துவிடுங்கள். மதியம் ஏதாவது மெஸ்ஸில் உட்கார்ந்து அயிரைமீன் குழம்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், சின்னச் சின்ன மீன், உயிரோடு வாங்கி வந்து வைக்கிற குழம்பு, சீக்கிரம் தீர்ந்துவிடும். கூடவே மட்டன் சுக்கா, கோலா உருண்டை. சாயங்காலம் தள்ளுவண்டியில் பருத்திப்பால், சுக்கும் கருப்பட்டியும் சேர்த்துச் சுடச்சுடக் கொடுப்பார்கள், ஜிகர்தண்டா பின்னால் ஓடுகிற கூட்டம் இதை மறந்துவிடுகிறது. ஜிகர்தண்டாவில் அடியில் கடல்பாசி, நன்னாரி, மேலே சுண்டக் காய்ச்சிய பால், அதற்கும் மேலே ஐஸ்கிரீம், இந்த வரிசைதான் ருசி, ஸ்பூனை விட்டு உடனே கலக்காதீர்கள். ராத்திரி ஒன்பதுக்கு மேல் கறி தோசை, பன் பரோட்டா. பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றிவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள், ஊறட்டும்.

கேள்வி: மீனாட்சி கோயில், மகால் எல்லாம் பலமுறை பார்த்தாயிற்று. அடுத்த வாரம் ஒரு நாள் வேலையாக வருகிறேன், வேலை மதியத்துக்கு மேல்தான். புதிதாக என்ன? (திருச்சி வாசகி)

மலைக்குப் போங்கள். மதுரையைச் சுற்றி இருக்கிற பாறைக் குன்றுகளை மதுரைக்காரர்களே பாதிப் பேர் பார்த்ததில்லை. உங்களுக்குக் காலை மட்டும்தான் இருக்கிறது என்பதால் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

மேற்கே கீழக்குயில்குடியில் சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். பாறையில் வெட்டின படியில் ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக, கீழே வட்டெழுத்து. ஆறரை மணிக்குள் அங்கே இருக்க வேண்டும், ஏனென்றால் எட்டரைக்கு மேல் பாறை சூடேறிவிடும், நிழல் என்று எதுவும் கிடையாது. தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள், காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். தனியாக வருகிறீர்கள் என்றால் துணைக்கு யாரையாவது கூட்டிக்கொள்வது நல்லது, வார நாளில் மேலே ஆளே இருக்கமாட்டார்கள்.

ஏற முடியாது என்றால் ஒத்தக்கடையில் யானைமலை. அடிவாரத்திலேயே நரசிங்கப் பெருமாள் குடைவரை. கி.பி. 770-இல் பாண்டியன் நெடுஞ்சடையனின் மந்திரி மாறன் காரி குடையத் தொடங்கி, முடிப்பதற்குள் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முடித்தார். இதை அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. மாட்டுத்தாவணியிலிருந்து பக்கம்தான்.

கீழடியையும் கேட்பீர்கள். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் நன்றாக இருக்கிறது, செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் கட்டியிருக்கிறார்கள். பானை ஓட்டில் ‘ஆதன்’ என்று யாரோ தன் பெயரைக் கீறி வைத்திருப்பதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். ஆனால் ராமேஸ்வரம் சாலையில் சிலைமான் தாண்டிப் போய்வந்து, நிதானமாகப் பார்க்க அரை நாள் வேண்டும், வார விடுமுறையையும் விசாரித்துக்கொள்ளுங்கள். இந்த முறை மலை, அடுத்த முறை கீழடி.

கேள்வி: நான் வில்லாபுரம். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் வழியாகப் போகிறேன். காலையில் இறங்கினால் அடுத்த விமானம் இரவுதான். ஏர்போர்ட்டிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்கிறாள் மகள். வெளியே போய் வரலாமா? (மதுரை வாசகி)

போய் வாருங்கள் அக்கா. மகள்கள் அப்படித்தான் பயப்படுவார்கள்.

முதலில் விசா. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். ஆனால் செல்லுபடியாகும் ஆஸ்திரேலிய விசா கையில் இருந்து, அந்த நாட்டுக்குப் போகிற வழியில் இறங்குகிறவர்களுக்கு 96 மணி நேரம் விசா இல்லாமல் இருக்கிற வசதி உண்டு. நிபந்தனைகள் இருக்கின்றன, அதனால் டிக்கெட் போட்ட இடத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், அதை மகளையே செய்யச் சொல்லுங்கள். பையை ஏர்போர்ட்டில் காசு கட்டி வைத்துவிடலாம். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் திருப்பி வையுங்கள், இதை மறந்தால் விமானம் போய்விடும்.

அங்கே மெட்ரோ ரயில்தான் வசதி. ஏர்போர்ட்டில் ஏறி அடுத்த நிறுத்தமான எக்ஸ்போவில் இறங்கி, டவுன்டவுன் என்கிற நீலத் தடத்துக்கு மாறிவிடுங்கள். நீங்கள் பார்க்க வேண்டிய மூன்று இடமும் அந்த ஒரே தடத்தில் இருக்கின்றன. காலையில் சைனாடவுன் நிறுத்தம், பக்கத்தில் 1827-இல் தொடங்கிய மாரியம்மன் கோயில். அங்கேயும் மதியம் நடை சாத்துவார்கள், அதனால் அதுதான் முதலில். அப்புறம் லிட்டில் இந்தியா, சிராங்கூன் ரோடு, வாழை இலைச் சாப்பாடு, வீரமாகாளியம்மன் கோயில் வாசல். பூக்கடை, நகைக்கடை எல்லாவற்றிலும் தமிழ் கேட்கும், நம் பக்கத்துப் பேச்சும் கேட்கும். கடைசியாக பேஃப்ரன்ட் நிறுத்தம், கார்டன்ஸ் பை த பே. ராட்சத இரும்பு மரங்களில் இரவு 7.45-க்கும் 8.45-க்கும் விளக்குக் காட்சி, அதற்குக் காசில்லை. முதல் காட்சியைப் பார்த்துவிட்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிடுங்கள், இரண்டாவதுக்கு ஆசைப்படாதீர்கள்.

ரயிலுக்குள் எதுவும் சாப்பிடக்கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது, அபராதம் போடுவார்கள். மகளுக்கு முறுக்கு, ஊறுகாய், பருப்புப்பொடி கட்டியிருப்பீர்கள், தெரியும். ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது அட்டையில் உணவுப் பொருள் இருக்கிறது என்று மறைக்காமல் எழுதிவிடுங்கள், மறைத்தால்தான் வம்பு.

கேள்வி: சித்திரைத் திருவிழாவுக்கு ஒரே ஒரு நாள் வர முடியும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளா, அதற்கு முந்தின நாளா? (பெங்களூரு வாசகர்)

முந்தின நாள். ஊருக்குள் வருகிற அழகரை ஜனங்கள் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்குத் தல்லாகுளம் பக்கம் நின்றீர்கள் என்றால் அழகரை ஓரளவு கிட்டத்தில் பார்க்கலாம், விடிய விடிய ரோடு முழுக்க ஜனம், தெருவுக்குத் தெரு நீர்மோர். மறுநாள் விடியலில் ஆற்றில் இறங்கும்போது உங்களுக்குத் தெரியப்போவது முன்னால் நிற்பவரின் தலையும் தூக்கிப் பிடித்த செல்போன்களும்தான், சின்னப் பிள்ளைகளோடு அந்த நெரிசலுக்குள் போகவே வேண்டாம். எதிர்சேவை முடிந்து அப்படியே ஆற்றுக்கும் போகிறோம் என்று தெம்பு இருந்தால் போங்கள். தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுவார்கள், வெள்ளைச் சட்டை போடாதீர்கள், போனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கிக்கொள்ளுங்கள்.