கேளுங்க, சொல்றோம்: எண்ணெய் விக்கிற நாட்டுல சாமான் விலை ஏன் ஏறுது?

கேள்வி: என் தங்கச்சி சவூதியில வீட்டு வேலைக்கு இருக்கா. எண்ணெய் விலை ஏறினா அங்க உள்ளவங்களுக்கு கொண்டாட்டம்னு நெனச்சோம், ஆனா கடையில எல்லாமே விலை ஏறிருச்சுன்னு போன்ல சொல்றாளே, எப்படி? – வாசகி, ஹட்டன்

பதில்: தங்கச்சி சொல்றது சரிதாங்க. எண்ணெய் வித்த சல்லி நேரா சனங்க கைக்கு வராது, மொதல்ல அரசாங்கத்துக்கிட்ட போகும், அவங்க சம்பளம், மானியம்னு எவ்வளவு இறக்கி விடுறாங்களோ அவ்வளவுதான் வீட்டுக்கு வரும். பெற்றோல் விலைய அவங்களால புடிச்சு வைக்க முடியும், 2021 ஜூலையில 91 ஒக்டேன்ங்கிற சாதா பெற்றோல் லீட்டர் 2.18 ரியாலுக்கு மேல போகக்கூடாதுன்னு நிறுத்தினாங்க, 2022 மார்ச்சுல உலகத்துல மசகு எண்ணெய் பெரல் 120 டொலர தாண்டினப்பவும் அங்க பெற்றோல் செட்டுல அதே விலைதான். ஆனா அரிசி, கோதுமை, மருந்துன்னு நெறைய சாமான் வெளியில இருந்து வருதே, எண்ணெய் ஏறினா கப்பல் கூலி ஏறும், உரம் ஏறும், அது அத்தனையும் கடை விலையில வந்து நிக்கும்.

விலை விழுந்தா இன்னும் மோசம். 2014 நடுவுல 110 டொலருக்கு மேல இருந்த பெரல் 2016 ஜனவரியில 30க்கும் கீழ போச்சு, வருமானம் போனதும் அரசாங்கம் சனங்க பக்கம் திரும்பிச்சு. 2018ல 5 வீதம் வற் வரி போட்டாங்க, 2020ல கொரோனாவோட விலை மறுபடி படுத்ததும் ஜூலையில இருந்து அது 15 வீதம். அதுல எனக்கு மனசு கேக்காத விஷயம் என்னன்னா, வரியால கஷ்டப்படுற சவூதி குடும்பங்களுக்கு மாசாமாசம் உதவிப்பணம் இருக்கு, நம்ம பிள்ளைங்க மாதிரி வேலைக்குப் போனவங்களுக்கு அது இல்ல, ஒரு சோப்பு வாங்கினாலும் வரி மட்டும் முழுசா கட்டணும். அவ சம்பளத்த நீங்க கணக்கு போடுறப்ப இதையும் சேர்த்துக்கங்க.

கேள்வி: நைஜீரியாவுல எண்ணெய் கிணறு இருந்தும் பெற்றோலுக்கு கியூவாமே? – த்ரீவீல் ஓட்டுற வாசகர், பண்டாரவளை

பதில்: கிணத்துல வர்றத அப்படியே டேங்க்ல ஊத்த முடியாதுங்க, சுத்திகரிக்கணும். அங்க அரசாங்க சுத்திகரிப்பு நிலையங்க வருஷக்கணக்கா சரியா ஓடல, அதனால மசகு எண்ணெய வித்துட்டு பெற்றோல வெளியில இருந்து வாங்கினாங்க. 2023 மே மாசம் புது ஜனாதிபதி டினுபு பதவியேத்த அன்னைக்கே பெற்றோல் மானியம் முடிஞ்சதுன்னு சொல்ல, 200 நைராவுக்கும் கீழ இருந்த லீட்டர் சில நாள்ல 500 பக்கம் போயிருச்சு. நோர்வேயிலயும் பெற்றோல் விலை ரொம்ப கூடத்தான், ஆனா அங்க அது வரி, எண்ணெய் வருமானத்த தனி நிதியத்துல போட்டு வைக்கிறாங்க.

கேள்வி: எண்ணெய் விலை குறஞ்சா தோட்டத்துக்கு நல்லதுதானே? – வாசகர், தலவாக்கலை

பதில்: லொறிக்கும் தொழிற்சாலைக்கும் நல்லது. கொழுந்துக்கு அப்படி இல்ல. நம்ம தேயிலைய வாங்குறது ஈராக், ரஷ்யா, ஈரான், லிபியான்னு நெறைய எண்ணெய நம்பின நாடுகதான், அவங்க கையில சல்லி இல்லன்னா கொழும்பு ஏலத்துல விலை விழும். 2014, 15ல ரஷ்யாவோட காசு ரூபிள் சரிஞ்சப்ப அதுதான் நடந்துச்சு. ஈரானுக்கு நாம தர வேண்டிய 25.1 கோடி டொலர் எண்ணெய்க் கடனைக்கூட தேயிலையா அடைக்கிறதா 2021 டிசம்பர்ல ஒப்பந்தம் போட்டாங்க.