தோப்பை அடமானம் வைத்து சீட் வாங்க வேண்டாம்

புளியங்குடியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகனுக்குக் கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசியாகிவிட்டது, எலுமிச்சைத் தோப்பை அடமானம் வைத்தால் முதல் வருடப் பணம் கட்டிவிடலாம், ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. அந்த சீட் வேண்டாம்.

மகன் தனியாக எழுதியதையும் படித்தேன். தோப்பு மோட்டாரின் கம்பிச் சுருள் எரிந்தபோது வைண்டிங் கடைக்காரரோடு உட்கார்ந்து கழற்றி மாட்டியதைத்தான் பக்கம் முழுக்க எழுதியிருக்கிறான். கோடிங் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஐடி வேலைதான் மரியாதை என்கிற சித்தப்பாவிடம், கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவாரா என்று கேளுங்கள். மாட்டார் என்றால் படிப்பை முடிவு செய்ய அவர் யார்?

அவனுக்கு நான் சொல்வது, அரசு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் டிப்ளமா, அதன் பிறகு காற்றாலை. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்திருப்பதால் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், இரண்டே வருடம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ₹1,000 அவன் கணக்கிலேயே வரும்.

‘அந்த வேலை நிலைக்குமா’ என்று கேட்பீர்கள். 2003 மின்சாரச் சட்டத்தின்படி, மின் விநியோக நிறுவனத்தின் பகுதியில் செலவாகும் மின்சாரத்தில் இத்தனை சதவீதம் காற்று, சூரிய ஒளி போன்ற புதுப்பிக்கத்தக்க வழிகளிலிருந்து வர வேண்டும் என்று மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்க வேண்டும். 2022ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, அதிக மின்சாரம் இழுக்கும் பெரிய தொழிற்சாலைகளுக்கும் அப்படியொரு கடமை விதிக்க வழி செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கிறது. முப்பந்தல் பக்கம் தொண்ணூறுகளில் நட்ட 225, 250 கிலோவாட் மெஷின்களுக்கு வயதாகிவிட்டது. அவற்றை மாற்றவும் புதுப்பிக்கவும் ஆயுளை நீட்டிக்கவும் 2024ல் மாநில அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. கொள்கை நாளை திருத்தப்படலாம். நிற்கிற மெஷினுக்கு சர்வீஸ் செய்ய ஆள் வேண்டியிருப்பது மாறாது.

வேலை எப்படி இருக்கும் என்று அவனுக்குச் சொல்லிவிடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை காற்று சீசன். அந்த நேரத்தில் மெஷின் நின்றால் ஒவ்வொரு மணி நேரமும் முதலாளிக்கு நஷ்டம், அதனால் பெரிய சர்வீஸையெல்லாம் அதற்கு முன்பே முடித்தாக வேண்டும். கோபுரத்துக்குள் ஏணி. இடுப்பிலும் தோளிலும் பாதுகாப்புப் பெல்ட். புது மெஷின்கள் நூறு மீட்டரைத் தாண்டும். உச்சியில் கியர்பாக்ஸ் ஆயில் பார்ப்பது, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து போல்ட்டுகளைச் சோதிப்பது, காற்றின் பக்கம் தலையைத் திருப்பும் மோட்டாரைக் கவனிப்பது. பேனலைத் திறக்குமுன் சப்ளையைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். இதில் அசட்டை காட்டினால் உயிர் போகும். ஏற முடியாதவர்களுக்குக் கன்ட்ரோல் ரூமில் திரையைப் பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வேலையும் உண்டு. உயரம் என்றாலே அவனுக்கு நடுக்கம் என்றால் கோபுரத்தில் ஏறச் சொல்லி நீங்களும் வற்புறுத்தக் கூடாது, நானும் வற்புறுத்த மாட்டேன். டிப்ளமா அப்போதும் வீணாகாது. அனுபவம் சேர்ந்ததும் மின் சூப்பர்வைசர் லைசென்ஸ் எடுக்கலாம், பி.இ. ஆசை வந்தால் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம்.

டிப்ளமா முடித்தபின் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் பயிற்சிகளை விசாரியுங்கள். கயத்தாறில் அவர்களுக்குச் சோதனை நிலையமும் இருக்கிறது, உங்களுக்கு அது பக்கம்.

முதல் வேலை பெரும்பாலும் கான்ட்ராக்டர் வழியாகத்தான் கிடைக்கும். பி.எஃப்., இ.எஸ்.ஐ., விபத்துக் காப்பீடு மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். பாதுகாப்புப் பெல்ட்டை உன் காசில் வாங்கிக்கொள் என்கிற கான்ட்ராக்டரிடம் மகனை அனுப்பாதீர்கள்.