நேவிக்காரர் விட்டுப்போன சீருடை: விற்கலாமா, எரிக்கலாமா?

கேள்வி: புதுக்குடியிருப்பில் வீட்டோடு சேர்த்து ஒரு சின்னத் தையல்கடை நடத்துகிறேன். எட்டு மாதத்துக்கு முதல் கடற்படைச் சிப்பாய் ஒருவர் உருமறைப்புத் துணியில் மூன்று சேட்டும் இரண்டு களுசானும் கொண்டுவந்தார். இடுப்புப் பிடித்து, கால் மடித்து, கையில் நங்கூரச் சின்னம் தைக்கச் சொன்னார். கூலி 4,800 ரூபாய். தைத்து வைத்தும் எடுக்க வரவில்லை. இப்போது திருகோணமலைக்கு இடமாற்றமாம். போன் எடுத்தால், “பழசுதானே அக்கா, யாருக்கும் வித்து உங்கட காசை எடுங்கோ” என்கிறார். பக்கத்து வயல்காரர் முள்ளுக்குள் இறங்க நல்ல தடிப்பான துணி என்று கேட்கிறார். என் தம்பி முன்னாள் போராளி, புனர்வாழ்வு பெற்று வந்தவர். இந்த உடுப்பு வீட்டில் கிடப்பதே பயமாக இருக்கிறது. எரித்துவிடலாமா?

பதில்: எரிக்க வேண்டாம். விற்கவும் வேண்டாம். தம்பியைக் கொண்டு எங்கேயும் கொடுத்தனுப்பவும் வேண்டாம். முதலில் இந்த மூன்றும்.

விற்க உங்களுக்கு உத்தரவு கொடுக்கிறாரே அந்தச் சிப்பாய், அவருக்கே அந்த உரிமை கிடையாது. படையில் சேரும்போது சிப்பாய்க்குத் தொப்பி முதல் சப்பாத்து வரை கொடுக்கப்படும் தொகுதி அவர் உடம்பில் கிடந்தாலும் அரசின் பொருள்தான். பரிசோதனை நாளில் அதை விரித்துக் காட்ட வேண்டும். குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். சீருடையை விற்பதும் அடகு வைப்பதும் படை ஒழுக்கத்தின்படி குற்றம். இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் அவர் உங்கள் தலையில் கட்டுகிறார் என்பது என் கணிப்பு. “என் சொந்தக் காசில் வாங்கினது” என்று நாளைக்குச் சொன்னாலும் நம்பி விற்காதீர்கள். அது உண்மையா என்று பார்க்க உங்களுக்கு வழியில்லை.

சரி, உங்கள் பக்கம். நீங்கள் தைத்தது குற்றமில்லை. சிப்பாய் அல்லாத ஒருவர் தன்னைச் சிப்பாய் என்று மற்றவர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அந்த உடுப்பை அணிவதைத்தான் தண்டனைச் சட்டக்கோவை குற்றமாக்குகிறது. வயல்காரருக்கு அப்படி எண்ணம் இல்லை, உண்மைதான். ஆனால் வன்னியில் உருமறைப்பு உடுப்போடு வரம்பில் நிற்கிற ஆளிடம் யாரும் முதலில் எண்ணத்தை விசாரிப்பதில்லை. பிடித்துக்கொண்டு போவார்கள், விளக்கம் பிறகு. அவர் முதலில் சொல்லப்போவது உங்கள் கடையின் பெயரை. அரச பொருள் என்று தெரிந்தும் விற்றால், களவுப் பொருளை நேர்மையின்றி வைத்திருந்ததாக அதே சட்டக்கோவையின் 394ஆம் பிரிவு உங்கள் மேல் பாயலாம். எரித்தால் 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துக்கள் மீதான குற்றங்கள் சட்டத்தை இழுப்பார்கள். இதைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்றுண்டு: எரித்துவிட்டால், தைக்கத் தந்தார்கள் என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் பெரிய சான்றும் சாம்பலாகிவிடும்.

தம்பியைப் பற்றிய பயம் வீணானதல்ல. புனர்வாழ்வு பெற்றவர் இருக்கும் வீட்டில் இந்த உடுப்பு அகப்பட்டால், கதை தையல்கடையை விட்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குத் தாவிவிடக்கூடும். வழக்கில் நிற்குமா என்பது வேறு விஷயம். அதற்கு முன் அவர் எத்தனை நாள் உள்ளே இருப்பார் என்பதுதான் கேள்வி. ஆகவே இந்த வாரமே செய்யுங்கள்.

உடுப்புகளை ஒவ்வொன்றாக விரித்துப் படம் எடுங்கள். உட்பக்கத்தில் மையால் பெயரோ சேவை இலக்கமோ எழுதியிருந்தால் அது தெளிவாகத் தெரிய வேண்டும். ஓடர் எழுதிய கொப்பி, அவர் அனுப்பிய மெசேஜ், போன் வந்த திகதி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பிறகு தமிழில் ஒரு கடிதம்: எப்போது, யார், என்ன தந்தார், கூலி எவ்வளவு, பொறுப்பாகத் திருப்பித் தர விரும்புகிறேன் என்று. இரண்டு பிரதி. விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) காட்டி ஒரு பிரதியில் கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள், பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். உடுப்பைப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோக வேண்டாம். வட்டுவாகல் பக்கம் கடற்படை முகாமுக்கு நீங்களே தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். பொலிஸாரையே வீட்டுக்கு வந்து எடுக்கச் சொல்லுங்கள், எடுக்கும்போது எண்ணிக்கை எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

வாக்குமூலம் கேட்டால் தமிழில் கொடுங்கள். சிங்களத்தில் எழுதி நீட்டினால், வாசித்து விளக்கும்வரை கையொப்பம் வேண்டாம். பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணி ஒருவர் உங்களுக்காக நிற்க 2012ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. கைது என்று வந்தால் காரணம் சொல்ல வேண்டும், 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் என்றால் அந்த 24 மணித்தியாலக் கணக்கு பொருந்தாது, அதனால் அன்றைக்கே வவுனியாவிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அறிவியுங்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு உயர் நீதிமன்றம் தரும் காலம் ஒரே ஒரு மாதம்.

அப்புறம் அந்த 4,800. கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைத்திருக்கும் உரிமை நம் ரோமன் டச்சுச் சட்டத்தில் கைவினைஞருக்கு உண்டு. ஆனால் அது வைத்திருக்க மட்டும், விற்பதற்கல்ல. உங்கள் வீட்டு நிலைமையில் அந்த உரிமையைப் பிடித்துத் தொங்குவது புத்தியில்லை. உடுப்பைக் கொடுத்துவிட்டு சின்னப் பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்குப் போங்கள், செலவில்லாத வழி. தாமதிக்க வேண்டாம்: வேலைக்கூலிக்கு வழக்குப் போட 1871ஆம் ஆண்டுக் காலவிதிப்புச் சட்டம் தருவது ஒரு வருடம்தான், அதில் எட்டு மாதம் போய்விட்டது. கடிதத்தின் ஒரு பிரதியை அவருடைய கட்டளை அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கூலி பாக்கியையும் அதில் ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரிக்கே காசு வந்து சேர்ந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

இனி யாரும் சீருடை கொண்டுவந்தால் அரைவாசிக் கூலியை முதலில் வாங்குங்கள். சின்னம் தைக்கச் சொன்னால் அடையாள அட்டையைப் பார்த்து இலக்கத்தைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். கடற்படையில் ஒற்றை நங்கூரம் ஒரு தரம், குறுக்கு நங்கூரம் அதற்கு மேலான தரம். இல்லாத தரத்தை உங்கள் ஊசியால் ஏற்றிக்கொள்ள யாரும் வரக்கூடும்.