அல்ஹம்பிராவும் அதற்கு அப்பாலுள்ள மலையும்: தென் ஸ்பெயின் பயணம் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: நானும் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். மே மாதம் பாரிஸில் இருக்கும் மகளிடம் போகிறோம். அங்கிருந்து பன்னிரண்டு இரவுகள் தென் ஸ்பெயினைச் சுற்றிப் பார்ப்பதற்கு மாலகா, ஜிப்ரால்டர், காடிஸ், செவீயா, ரொண்டா, கோர்தோபா, கிரனாடா, நெர்ஹா என்று எட்டு ஊர்களை மகள் எழுதி வைத்திருக்கிறாள். எனக்கு முழங்கால் நோவு உண்டு. இவருக்கோ மலையில் நடக்க வேண்டும் என்று ஆசை. இந்தத் திட்டம் சரிவருமா?
— ஒரு வாசகி, உவர்மலை

பதில்: சரிவராது. பன்னிரண்டு இரவுகளுக்கு எட்டு ஊர்கள் என்றால், பெட்டி கட்டுவது, அறையை ஒப்படைப்பது, அடுத்த ஊரில் அறை ஆயத்தமாகும் வரை பெட்டியோடு காத்திருப்பது என்று ஒன்றுவிட்டொரு நாள் கழிந்துவிடும். மகள் பிழையான ஊர்களைத் தெரிவு செய்யவில்லை, எட்டுமே பார்க்கத்தக்கவை. ஆனால் உங்களுக்கு ஐந்து ஊர்கள் போதும். அவற்றில் ஒன்று அவரது பட்டியலிலேயே இல்லாத மலைக்கிராமம்.

முதலில் விமானத்தைப் பாருங்கள். ஒரே ஊரில் இறங்கி அதே ஊரிலிருந்து திரும்பும் பயணச்சீட்டை எடுக்காமல், பாரிஸிலிருந்து செவீயாவுக்குச் சென்று மாலகாவிலிருந்து திரும்பும்படி எடுத்தால், போன வழியே திரும்பி வரும் ஒரு நாள் மிச்சமாகும். செவீயாவில் மூன்று இரவுகள், கோர்தோபாவில் இரண்டு, கிரனாடாவில் மூன்று, அல்புஹாரா மலைப்பகுதியிலுள்ள கபிலெய்ராவில் மூன்று, கடைசியாக மாலகாவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். செவீயாவிலிருந்து கோர்தோபாவுக்கு விரைவு ரயிலில் முக்கால் மணித்தியாலம்; அங்கிருந்து கிரனாடாவுக்கும் விரைவு ரயில் உண்டு. ஜிப்ரால்டரையும் காடிஸையும் நெர்ஹாவையும் தயங்காமல் விட்டுவிடலாம். ரொண்டாவை விடுவதுதான் மனத்துக்குக் கஷ்டம். 1793இல் கட்டி முடிக்கப்பட்ட அதன் பாலம் 98 மீற்றர் ஆழமான மலைப்பிளவின் மேல் நிற்கிறது. மகள் கட்டாயம் பார்க்கத்தான் வேண்டும் என்றால், செவீயாவின் மூன்று நாட்களில் ஒன்றை அதற்கு ஒதுக்கிக் காலையில் பஸ்ஸில் போய் மாலையில் திரும்புங்கள். அங்கே அறை எடுக்க வேண்டாம்.

முழங்காலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். செவீயாப் பேராலயத்தின் ஹிரால்டா கோபுரம் நூறு மீற்றருக்கு மேல் உயரமானது. ஆனால் அது பழைய பள்ளிவாசலின் மினாராவாக இருந்த காலத்தில், தொழுகைக்கு அழைப்பவர் குதிரையிலேயே மேலே போகக்கூடியவாறு படிக்கட்டுக்குப் பதிலாகச் சாய்தளங்களை அமைத்தார்கள் என்று சொல்வார்கள். மணிக்கூண்டை அண்டிய கடைசிச் சில படிகளைத் தவிர மற்றதெல்லாம் சாய்தளம் என்பதால், நின்று நின்று ஏறினால் உங்களாலும் முடியும். கிரனாடாவின் கோட்டை அரண்மனையான அல்ஹம்பிரா அப்படியல்ல. அதன் கோட்டை, அரண்மனைகள், ஹெனராலிபே தோட்டம் ஆகிய மூன்றையும் பார்க்க அரைநாள் நடக்க வேண்டும். ஆகவே அன்று வேறு எதையும் வைக்காதீர்கள்.

அறைகளுக்கு முன்னரே அல்ஹம்பிராவின் நுழைவுச்சீட்டை எடுத்துவிடுங்கள். அதிலுள்ள நஸ்ரித் அரண்மனைகளுக்குள் (கிரனாடாவை ஆண்ட கடைசி முஸ்லிம் வம்சத்தின் அரண்மனைகள்) போவதற்கு ஒவ்வொரு சீட்டிலும் ஒரு நேரம் குறிக்கப்பட்டிருக்கும்; அது தப்பினால் உள்ளே விடமாட்டார்கள். சீட்டு பெயருக்கே வழங்கப்படுவதால் கடவுச்சீட்டைக் கையில் கொண்டுபோக வேண்டும். மே மாதத்தில் சீட்டுகள் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துபோகும். எந்த நாளுக்குச் சீட்டு கிடைக்கிறதோ அதைக் கொண்டு கிரனாடாவின் மூன்று இரவுகளையும், அதற்கு முன்னும் பின்னும் வரும் ஊர்களையும் தீர்மானியுங்கள். மே மாதத்தின் முதல் இரு வாரங்களில் கோர்தோபாவில் வீட்டு முற்றங்களைப் பூச்சாடிகளால் அலங்கரித்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் விழா நடக்கும். அழகுதான், ஆனால் அறை வாடகை பல மடங்காகும். அதைத் தாண்டி மாத நடுப்பகுதிக்குப் பிறகு போவது நல்லது.

இனி கபிலெய்ரா. கிரனாடாவிலிருந்து பஸ்ஸில் இரண்டரை மணித்தியாலமளவில் போகலாம். நாளொன்றுக்குச் சில பஸ்கள்தான் ஓடும் என்பதால் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பொக்கெய்ரா பள்ளத்தாக்கின் ஒரே சரிவில் கபிலெய்ரா, புபியோன், பம்பனெய்ரா என்று மூன்று வெள்ளைக் கிராமங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன. மேலேயுள்ள கபிலெய்ரா கடல் மட்டத்திலிருந்து 1,436 மீற்றர் உயரத்தில் உள்ளது. அடியிலுள்ள பம்பனெய்ரா அதற்குச் சுமார் 400 மீற்றர் கீழே. உங்கள் கணவர் காலையில் கபிலெய்ராவிலிருந்து இறங்கி நடந்து, புபியோனில் ஒரு கோப்பி குடித்து, பம்பனெய்ராவை அடையும்போது நீங்கள் பஸ்ஸில் வந்து அங்கே அவரைச் சந்திக்கலாம். பிறகு இருவருமாகப் பஸ்ஸிலேயே மேலே திரும்புங்கள். இறக்கம்தான் முழங்காலுக்கு ஏற்றத்தை விடக் கெடுதல் என்பதால் அந்தப் பாதையை நீங்கள் நடக்க வேண்டாம். ஊரின் மேற்புறமுள்ள சமதரைப் பாதை உங்களுக்குப் போதும்.

அந்த வீடுகளின் கூரைகளைச் சற்று நின்று பாருங்கள். ஓடு கிடையாது. மரத்துலாக்களின் மேல் கற்பலகைகளை அடுக்கி, அதன்மேல் நீர் கசியாத ஒருவகைச் சாம்பல்நிறக் களிமண்ணைப் பரப்பித் தட்டையாக மூடியிருக்கிறார்கள். அதில் தக்காளியும் மிளகாயும் காயவைப்பார்கள். வட ஆபிரிக்க மலைக்கிராமங்களிலும் இதே கூரையைக் காணலாம். சரிவுகளில் ஓடும் வாய்க்கால்களும் முஸ்லிம் ஆட்சிக்கால மரபிலிருந்து வந்தவை. பனி உருகும் காலத்தில் தண்ணீரை மலையின் உயரத்திலேயே திருப்பி, வேண்டுமென்றே மண்ணுக்குள் கசியவிடும் வாய்க்கால்களும் அவற்றில் உண்டு. அப்படி ஊறும் நீர் மெல்லக் கீழிறங்கி, மழையில்லாத கோடையில் கிராமத்து ஊற்றுகளில் வெளிப்படும். அல்ஹம்பிராவின் தடாகங்களுக்கும் தாரோ ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டித்தான் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கந்தளாய்க் குளத்தின் வாய்க்கால்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த நுட்பம் அந்நியமாகத் தோன்றாது. 1492 ஜனவரி 2ஆம் திகதி கிரனாடாவை ஒப்படைத்த கடைசி முஸ்லிம் மன்னர் போப்தில்லுக்கு வாழ்வதற்கு வழங்கப்பட்டதும் இந்த அல்புஹாராதான். அடுத்த ஆண்டே அவர் மொரோக்கோவுக்குப் போய்விட்டார். அரண்மனையை முதலில் பார்த்துவிட்டு மலைக்குப் போகும்படி நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி: வங்கியில் வேலை செய்யும் நண்பர்கள் இருவர் நாங்கள். எங்களுக்கு ஜூலையில்தான் விடுமுறை. காமினீத்தோ தெல் ரேய் பாதையையும் முலாசேன் சிகரத்தையும் நடக்க விரும்புகிறோம். நண்பனுக்கு உயரம் என்றால் கொஞ்சம் பயம்.
— ஒரு வாசகர், உப்புவெளி

பதில்: முடியுமானால் விடுமுறையைச் செப்டெம்பர் பிற்பகுதிக்கு மாற்றுங்கள். கச்சான் காற்றில் வளர்ந்த நமக்கு வெயில் பழக்கம்தானே என்று நினைப்பீர்கள். ஆனால் குவாதல்கிவீர் ஆற்றுச் சமவெளியின் கோடை வேறு: 2021 ஓகஸ்ட்டில் கோர்தோபா மாகாணத்தில் 47.6 பாகை செல்சியஸ் பதிவானது. மாலையில் ஆறிவிடும் என்றும் இருக்க முடியாது. ஜூலையில் சூரியன் மறையவே இரவு ஒன்பதரை மணியாகிவிடும். ஜூலைதான் என்றால், செவீயாவையும் கோர்தோபாவையும் விட்டுவிட்டு, கபிலெய்ராவும் முலாசேனும் உள்ள சியரா நெவாடா மலையிலேயே பெரும்பாலான நாட்களைக் கழியுங்கள்.

காமினீத்தோ, அதாவது 'அரசரின் சிறுபாதை', மாலகா மாகாணத்தில் உள்ளது. நீர்மின் நிலையத் தொழிலாளர் போய்வருவதற்காக 1905இல் கட்டி முடிக்கப்பட்டது; 1921இல் பதின்மூன்றாம் அல்போன்சோ மன்னர் அதில் நடந்ததால் இந்தப் பெயர் வந்தது. பின்னர் சிதைந்து, ஆட்கள் விழுந்து இறந்ததால் மூடப்பட்டு, புதிதாகக் கட்டப்பட்டு 2015இல் திறக்கப்பட்டது. மொத்தம் 7.7 கிலோமீற்றரில், பாறைச் சுவரில் பொருத்தப்பட்ட பலகைப்பாதை 2.9 கிலோமீற்றர்தான். வடக்கே அர்தாலெஸ் பக்கத்திலிருந்து தெற்கே எல் சோரோ வரை ஒரே திசையில்தான் நடக்கலாம். தொடங்கிய இடத்துக்குத் திரும்ப பஸ் உண்டு. திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். பலத்த காற்று வீசினாலும் மூடிவிடுவார்கள் என்பதால், அடுத்த நாளில் கட்டாயமான பயணம் எதையும் வைக்காதீர்கள். தலைக்கவசம் அங்கேயே தருவார்கள்.

நண்பரின் பயத்துக்கு ஊரிலேயே ஒரு சோதனை இருக்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் இராவணன் வெட்டின் ஓரத்து வேலியைப் பிடித்துக்கொண்டு, கீழே அலை மோதும் இடத்தை இரண்டு நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். தலை சுற்றாமல் பேச முடிந்தால் காமினீத்தோவிலும் நடப்பார். கண்ணை மூடிக்கொண்டால் கூட்டிப்போகாதீர்கள். நூறு மீற்றருக்கு மேல் உயரத்தில் ஆடும் தொங்குபாலம் பாதையின் கடைசியில்தான் வருகிறது.

முலாசேன் 3,479 மீற்றர். ஐபீரியத் தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரம். நமது பிதுருதலாகலை 2,524 மீற்றர்தான். கோடையில் கபிலெய்ராவிலிருந்து தேசியப் பூங்காவின் சிறு பஸ் சுமார் 2,700 மீற்றர் உயரம் வரை கொண்டுபோய் விடும். அதற்கு முன்பதிவு தேவை. அங்கிருந்து ஏறி இறங்க ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். பாதை கடினமானதல்ல, ஆனால் நிழலே கிடையாது. கடற்கரையிலிருந்து வந்த மறுநாளே ஏறினால் தலையிடி வரும்; கபிலெய்ராவில் இரண்டு இரவுகளாவது தூங்கிவிட்டு ஏறுங்கள். அதிகாலையில் புறப்பட்டு, ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீரும் காற்றுத் தடுக்கும் மேலங்கியும் கொண்டுபோங்கள். கீழே நாற்பது பாகை என்றாலும் உச்சியில் கை விறைக்கும்.

கேள்வி: குர்துபாப் பள்ளிவாசலில் இரண்டு றக்அத் தொழ அனுமதிப்பார்களா? ஹலால் உணவு கிடைக்குமா?
— ஒரு வாசகர், கிண்ணியா

பதில்: அனுமதிக்கமாட்டார்கள். குர்துபா என்று நீங்கள் சொல்லும் கோர்தோபாவின் அந்தப் பள்ளிவாசல் இன்று கத்தோலிக்கப் பேராலயம். முஸ்லிம் முறைப்படி தொழ முயன்றால் காவலர்கள் வந்து தடுப்பார்கள். 785ஆம் ஆண்டளவில் முஸ்லிம் ஆட்சியாளர் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கிய கட்டடம், பின்வந்தவர்களால் விரிக்கப்பட்டு, 1236இல் கிறிஸ்தவ மன்னர் மூன்றாம் பெர்னாந்தோ நகரைக் கைப்பற்றியபோது தேவாலயமாக்கப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் அதன் நடுவே தூண்களை அகற்றி ஒரு பெருந்தேவாலயத்தை எழுப்பினார்கள். இருந்தும் 850க்கு மேற்பட்ட தூண்கள் எஞ்சியிருக்கின்றன. பழைய கட்டடங்களிலிருந்து எடுத்த தூண்கள் குட்டையாக இருந்ததால், உயரம் கூட்டுவதற்காகச் செங்கல்லும் வெண்கல்லும் மாறி மாறி வைத்து வளைவின் மேல் வளைவாகக் கட்டிய நுட்பத்தையும், ஆட்சியாளர் இரண்டாம் ஹகம் காலத்து மிஹ்ராபின் (தொழுகைத் திசையைக் காட்டும் மாடத்தின்) பொன்மொசைக் வேலையையும் நிதானமாகப் பாருங்கள். 1620களில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கற்கள் கோட்டைச் சுவரான ஊரிலிருந்து போகிறவருக்கு, முந்தியதை முழுவதும் இடிக்காமல் அதற்குள்ளேயே பிந்தியதைக் கட்டிய இடத்தில் நிற்பது ஒரே நேரத்தில் ஆறுதலையும் வருத்தத்தையும் தரும்.

தொழுகைக்குக் கிரனாடாவின் அல்பைசீன் பகுதியில் 2003இல் திறக்கப்பட்ட பள்ளிவாசல் இருக்கிறது. அதன் தோட்டத்திலிருந்து எதிரே அல்ஹம்பிரா முழுவதும் தெரியும். அதே பகுதியின் அடிவாரத்தில் மொரோக்கோ நாட்டவரின் உணவுக்கடைகள் உண்டு. மலைக்கிராமங்களில் ஹலால் இறைச்சி கிடைப்பது அரிது. மீனும் முட்டையும்தான் வழி. இனிப்புகளில் கவனம் தேவை: மந்தெகாதோ, பொல்வொரோன் என்ற மாப்பண்டங்களைப் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பில்தான் செய்வார்கள்.

கேள்வி: எங்களிடம் பிரித்தானிய விசா இருக்கிறது. ஸ்பெயினுக்கு அது போதுமா?
— ஒரு வாசகி, சாம்பல்தீவு

பதில்: போதாது, ஸ்பெயின், பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தனியாக வேண்டும். பல நாடுகளுக்குப் போவதானால் அதிக நாட்கள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். (மகளுடன் பாரிஸில் நீண்ட நாள் தங்கப்போகும் உவர்மலை வாசகிக்கு அது பிரான்ஸ்.) பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாட்களுக்குக் குறைந்தால் ஏற்கமாட்டார்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி கட்டாயம். விசா கைக்கு வரும்வரை, இரத்துச் செய்து பணத்தை மீளப்பெறக்கூடிய அறைகளையே பதிவு செய்யுங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டி வருமா?
— ஒரு வாசகர், திருக்கோணமலை நகர்

பதில்: வராது, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். கோர்தோபாவின் சல்மொரேஹோ, தக்காளியையும் பாணையும் ஒலிவ் எண்ணெயோடு அரைத்த குளிர்ந்த கூழ். அதன்மேல் முட்டையும் பன்றித்தொடை இறைச்சியும் தூவித்தான் கொண்டுவருவார்கள். 'சின் ஹமோன், சின் உவேவோ' என்று முன்னதாகவே சொன்னால் இரண்டும் இல்லாமல் தருவார்கள். செவீயாவில் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் சமைத்த கறி கிடைக்கும். கிரனாடாவில் பொரித்த கத்தரிக்காயின் மேல் கரும்புப்பாகு ஊற்றிய ஒரு பண்டம் உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். மரக்கறிச் சூப் என்று எழுதியிருந்தாலும் இறைச்சிச் சாற்றில் செய்ததா என்று கேளுங்கள். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குப் பிறகு, இரவுச் சாப்பாடு ஒன்பது மணியை அண்டித்தான்; இடையில் பல சமையலறைகள் மூடியிருக்கும். ஏழு மணிக்கே பசிக்கும் பழக்கம் உள்ளவர்கள் காலையில் சந்தையில் பழமும் பாணும் வாதுமைப்பருப்பும் வாங்கி அறையில் வைத்துக்கொள்வது நல்லது.